கேக் இல்லாத பிறந்தநாள்

மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு முந்தைய மாதம்தான் அவளுடைய இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியிருந்தோம். பல் டொக்டர் என்னைப் பார்த்த பார்வையில், கல்முனைக் கடைகளில் இருந்த இனிப்பையெல்லாம் நானே வாங்கி ஊட்டியது போல இருந்தது. பாதி உண்மைதான். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

இந்த முறை கேக் இல்லை, சீனியும் இல்லை என்றேன். மகள் அழவில்லை. ஒன்றை மட்டும் கேட்டாள்.

"கூட்டாளிமார் சாப்பிடாம உட்டா? நாளைக்கு கிளாஸ்ல என்னயத்தானே உம்மா பகிடி பண்ணுவாங்க."

"சாப்பிடுவாங்க மகள்" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே எனக்கும் நம்பிக்கை இல்லை.

அட்டாளைச்சேனையிலிருந்து வந்த சட்டித் தயிரை முதல்நாளே துணியில் கட்டித் தொங்கவிட்டேன். பேரீச்சம்பழத்தைப் பாலில் ஊறவைத்து அரைத்து, கெட்டியான தயிரில் கலந்தேன். மாம்பழம், பப்பாசி, வறுத்து இடித்த கச்சான் கடலை. எல்லாவற்றையும், ஃபோனில் வீடியோ பார்த்துப் பழகிய கெட்டித்தனத்தில், பன்னிரண்டு கண்ணாடிக் கோப்பைகளில் அடுக்கடுக்காக நிரப்பினேன். மேலே மாதுளை முத்துகள். அழகுக்குக் குறைவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து பிள்ளைகள் வந்தார்கள். ஆளுக்கொரு கோப்பையும் கரண்டியும் கொடுத்தேன். கதிரைகளில் வரிசையாக உட்கார்ந்து, கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இது ஆஸ்பத்திரியில வருத்தக்காரருக்குக் குடுக்கிறதா?" என்று கேட்டது. மற்றவர்கள் சிரித்தார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த வளவிலிருந்து உதவிக்கு வந்திருந்த என் ராத்தா, வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அல்லவா, அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"கோப்பையில ஊத்தி ஆளுக்காள் நீட்டினா மருந்து மாதிரித்தான் இருக்கும். சஹன எடு."

கலியாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் அந்தப் பெரிய தட்டில் தயிரும் பழமுமா? ஆனால் வாதாட நேரமில்லை. அவள் பாயை விரித்தாள். நான் என் அலங்காரத்தையெல்லாம் இரண்டு சஹன்களில் கவிழ்த்தேன். அழகு போய், எல்லாம் ஒரே குழம்பலாகிவிட்டது.

பிள்ளைகள் கை கழுவி, பிஸ்மி சொல்லி, சுற்றி உட்கார்ந்தார்கள். மூக்கைச் சுளித்த பிள்ளைதான் முதலில் கைவைத்தது. அது வாயில் போட்டதும் பக்கத்தில் இருந்தவள் விடுவாளா? "அது என்ட பக்கத்து மாம்பழம்!" என்று ஒரு சத்தம். "நடுவில இருக்கிறது எல்லாருக்கும்" என்று இன்னொன்று. ஒரே தட்டில் உண்ணும்போது பிந்தினால் போச்சு என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கொஞ்ச நேரத்தில் சஹனின் அடி தெரிந்தது. ராத்தா என் வயிற்றில் பால் வார்த்தாள். நன்றி சொல்லத்தான் ரோஷம் விடவில்லை.

மகள் எழுந்து என்னிடம் ஓடி வந்தாள். கூட்டாளிமாருக்குத் தள்ளித் தள்ளிக் கொடுத்ததில் அவள் விரல்களில் மட்டும் கொஞ்சம் தயிர் இருந்தது.

"உம்மா, எனக்கு ஒரு துண்டும் கிடைக்கல்ல!" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி, சிரித்துக்கொண்டே.