நான் இருந்திராத ஊரின் விலாசம்

என் கடிதத்தை யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு மாதத்துக்கு மேல் நம்பியிருந்தேன். ஆள் யார் என்பதிலும் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. முனைக்கடை ஹாஜியார்.

எங்கள் முகாமுக்குள் தபால்காரர் வருவதில்லை. பிரதான வீதியிலிருந்து இறங்கும் மணல் பாதையில் சைக்கிள் புதைந்துவிடும். ஆகவே எல்லோருடைய கடிதங்களையும் முனையிலுள்ள ஹாஜியாரின் பலசரக்குக் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஹாஜியார் அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அரிசி மூட்டையின் மேல் வைப்பார். பாண் வாங்கப் போகிறவர்கள் டின்னைக் கிளறித் தங்களுடையதை எடுத்துக்கொள்வார்கள். முகாம் என்பது பெயருக்குத்தான். தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த எங்கள் ஆட்கள் போட்ட குடிசைகள், நான் வளர்வதற்குள் கல்லும் தகரமுமாக மாறிவிட்டிருந்தன. போர் முடிந்து சில வருடங்களாகியும் பெயர் மட்டும் மாறவில்லை. நான் பிறந்ததே அங்கேதான்.

அந்த வருடம் நான் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தேன். ஆசிரியர் பயிற்சிக்கு. வாப்பா உப்பளத்தில் உப்பு வாருகிறவர். கையெழுத்து மட்டும் போடுவார். உம்மாவுக்கு அதுவும் வராது. எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சை மண்டபத்துக்குள் முதலில் கால் வைத்தவன் நான். அங்கிருந்து முதலில் தோற்று வெளியே வந்தவனும் நான்தான். இரண்டாம் முறை எழுதித்தான் மூன்று பாடமும் சரிவந்தது. அதற்குள் கண்டக்குழியில் படகு வைத்திருந்த மாமா எனக்கு ஒரு வேலையைத் தயாராக வைத்துக்கொண்டு, வரும்போதெல்லாம் கேட்பார். "என்ன மருமகன், இன்னும் புத்தகத்தில மீன் பிடிக்கிறியா?"

ஹாஜியார் புத்தளத்துக்காரர். நக்கலடிக்கிறவர் அல்ல. மரியாதையாகத்தான் குத்துவார். நான் விண்ணப்பித்ததைக் கேள்விப்பட்ட அன்று சீனி நிறுத்துக்கொண்டே சொன்னார். "நல்லம் தம்பி, படிக்கத்தான் வேணும். ஆனா எங்கட பகுதிக்குக் கிடைக்கிறதே ரெண்டு மூணு இடம். அதுலயும் நீங்க வந்து பங்கு கேட்டா எங்கட புள்ளைகள் எங்க போற?"

அவருடைய மகளும் விண்ணப்பித்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து அந்தக் கடையில் எதுவும் சும்மா நடப்பதாக எனக்குப் படவில்லை. டின் அரிசி மூட்டையிலிருந்து கல்லாப் பக்கம் போயிருந்தது. ஏன்? எலி என்றார். இத்தனை வருடம் எலி இல்லையா? நான் படியேறும்போதே "இண்டைக்கும் ஒண்டுமில்ல தம்பி" என்பார். நான் டின்னைத் தொடவே இல்லை, அதற்குள் இவருக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் நான் போனதும் அவரும் மகளும் பேச்சை நிறுத்தினார்கள். மகள் ஒரு நீள உறையை மடியில் கவிழ்த்து வைத்தாள். அரச முத்திரை தெரிந்தது. அவளுக்கு வந்துவிட்டது.

வாப்பாவிடம் சொன்னேன். "இருக்கும்" என்றார். எங்கள் ஆட்களிடம் யாரைப் பற்றிச் சந்தேகம் சொன்னாலும் முதல் பதில் அதுதான். ஒரே நாளில் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர்கள். யாரும் எதுவும் செய்யலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஒருநாள் லுஹர் தொழுகை நேரம், ஹாஜியார் பள்ளிக்குப் போயிருந்தார். கடையில் பருப்பு வாங்க வந்த ஒரு மனிசி மட்டும் காத்துக்கொண்டிருந்தா. நான் கல்லாவுக்குப் பின்னால் போய் டின்னைக் கொட்டினேன். மின்சாரக் கட்டண நோட்டீசுகள், யாருடையதோ வெளிநாட்டுக் கடிதம். என்னுடையது இல்லை. கல்லா லாச்சியையும் இழுத்தேன். அதற்குள்ளும் கடுதாசிகள் இருந்தன. கையை விட்டுக் கிளறிக்கொண்டிருக்கும்போது வாசலில் குரல் கேட்டது.

"என்ன தம்பி, கடையை எழுதி வாங்கிட்டீங்களா?"

கை லாச்சிக்குள்ளேயே நின்றது. வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம்.

"என்ட கடிதம் எங்க ஹாஜியார்?"

"எந்தக் கடிதம்?"

"உங்கட மகளுக்கு வந்தது எனக்கும் வந்திருக்கும். மார்க்ஸ் எனக்குத் தெரியும். வராம இருக்காது."

அவர் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "உங்கட கடிதத்தைத் திண்டா என்ட வயிறு நிரம்புமா? சல்லி இருக்கிற லாச்சிக்குள்ள கையை விட்டுட்டு நிக்கிறீங்க, நான் ஒண்டும் சொல்லல்ல. சரி, விலாசத்தைச் சொல்லுங்க. தபால் கந்தோருக்கு இப்பவே போன் எடுக்கிறேன்."

அவர் போனைக் கையில் எடுத்தார். நான் விண்ணப்பத்தில் எழுதியதை அப்படியே ஒப்பித்தேன். பெயர், வாப்பாவின் பெயர், பள்ளிவாசல் வீதி, ஊர். கடைசிச் சொல் மன்னார். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

"மன்னாரா?" என்றா பருப்புக்கு நின்ற மனிசி.

ஹாஜியார் போனைக் கீழே வைத்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அப்ப இங்க வந்து ஏன் தம்பி தேடுறீங்க?"

இது எப்படி நடக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். முகாமில் வளர்ந்தவர்கள் கேட்க மாட்டார்கள். போர் முடிந்ததும் மீள்குடியேற்றம், காணி, வீட்டுத்திட்டம் என்று படிவங்கள் வரத் தொடங்கின. எழுதத் தெரிந்தவன் நான். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வாசலில் வரிசை நிற்கும். விதானை என்றால் கிராம சேவகர். என்னைச் 'சின்ன விதானை' என்று கூப்பிட்டார்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "எந்தப் போமா இருந்தாலும் ஊர் விலாசத்தையே போடு. புத்தளம் எண்டு எழுதினா, இவன் அங்க ஊண்டிட்டான், காணி தேவல்ல எண்டு வெட்டிடுவானுகள்." காணியைக் காடு என்று சொல்லி அரசாங்கம் எடுத்துவிடப் போகிறது என்ற கதையும் ஓடிக்கொண்டிருந்தது. தடிமனுக்கு மருந்து எடுக்கப் போன இடத்திலும் மன்னார் விலாசம் கொடுத்தவர்கள் உண்டு. விலாசம் என்ற கட்டத்தைக் கண்டால் என் கை என்னைக் கேட்காமலே மன்னார் என்று எழுதிவிடும். அந்த ஊரை நான் ஒரு தடவைகூடக் கண்டதில்லை.

ஆனாலும் கைப்பழக்கம் என்று சொல்லி என்னால் முழுசாகத் தப்ப முடியவில்லை. அன்று வீட்டுக்குப் போகாமல் உப்புநீர்க் களப்புக் கரையில் போய் உட்கார்ந்தேன். அந்த விண்ணப்பத்தை ஒரு கிழமை வைத்திருந்து, பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்துத்தானே அனுப்பினேன்? விலாசத்தை மட்டும் ஏன் பார்க்கவில்லை? கடிதம் வராத இடத்தை எழுதினால் இல்லை என்ற பதிலும் வராது. உனக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று மற்றவர்கள் சொல்லிச் சொல்லி, என்னையறியாமல் நானும் அதற்கு ஆமா போட்டிருக்கிறேனோ? ஹாஜியாரின் கெட்ட மனதை நம்பிய அளவுக்கு என் பரீட்சைத் தாளை நான் நம்பவில்லையோ? அன்றிலிருந்து நான் சந்தேகப்படும் ஆட்களின் வரிசையில் முதலில் நிற்பவன் நான்தான்.

கடையை விட்டு நான் இறங்கும்போது ஹாஜியார் ஒன்று சொல்லியிருந்தார். "மகளுக்கு நேர்முகம் வியாழக்கிழமை. மூணு நாள் இருக்கு." உதவிக்குச் சொன்னாரா, வயிறெரியட்டும் என்று சொன்னாரா? முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிய, எலுவன்குளம் வழியாகக் காட்டுக்குள்ளால் மன்னார் போகும் பஸ்ஸில் ஏறினேன். வாப்பா தடுத்தார். "கடிதம் வராட்டி அது எழுதி வச்ச நசீபு. உள்ள வேலையைப் பார் மகன்." பிறகு, நான் கேட்க மாட்டேன் என்று தெரிந்ததும், "போறதுதான் போற, நம்மட கிணறு இருக்கா எண்டு பாத்துட்டு வா" என்றார்.

ஊருக்குரிய தபால் கந்தோர் ஒற்றை அறை. தபால் அதிபர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அடையாள அட்டையைக் கேட்டார். அதில் புத்தளம் விலாசம்.

"இங்க இருக்கிற ஆளில்ல நீர்."

"இல்ல சேர்."

"புத்தளத்தில இருந்துகொண்டு இங்க கடிதம் போடச் சொல்லுறது. பிறகு வந்து என்னோட சண்டை பிடிக்கிறது." அவர் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து மேசையில் போட்டார். எங்கள் ஆட்களின் பெயர்களுக்கு வந்து, ஆள் இல்லாமல் திரும்பிப் போன கடிதங்களை எல்லாம் அவர் தன் பாதுகாப்புக்காக அதில் எழுதி வைத்திருந்தார். பக்கம் பக்கமாக இருந்தது. பாதிப் பெயர்கள் எனக்குத் தெரிந்தவர்களுடையவை. நான் நிரப்பிய படிவங்களுக்கு வந்த பதில்கள். விரலை ஓட்டிக்கொண்டு போனேன். என் பெயர் இருந்தது. பக்கத்தில் கல்லூரியின் பெயர். திருப்பி அனுப்பி ஒன்பது நாள்.

கடிதம் இல்லை. ஆனால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த வரியைப் பல தடவை வாசித்தேன். ஒரு துண்டில் அதை எழுதி முத்திரை குத்தித் தரக் கேட்டேன். "எதுக்கு?" என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் குத்தித் தந்தார். கிணற்றைப் பார்க்கவில்லை. திரும்பும் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை கடிதம் இல்லாமலே கல்லூரிக்குப் போனேன். வாசலில் நின்ற எழுதுவினைஞர் என் துண்டையும் தன் பட்டியலையும் பார்த்தார். "உம்மட பேர் இதில இல்ல. மன்னார் ஆக்களுக்கு நேத்து முடிஞ்சுது. வீட்ட போம்." வாங்குகளில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஹாஜியாரின் மகளும் அங்கே இருந்தாள். உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள், நான் பிடுங்கிவிடுவேன் என்பதுபோல. நான் போகவில்லை. எல்லோரும் முடியட்டும் என்று சுவரோடு நின்றேன். அசர் ஆகும்போது, இன்னும் நிற்கிறேன் என்பதற்காகவே உள்ளே விட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் இரண்டு ஆண்களும் ஒரு மிஸ்ஸும். நடுவில் இருந்தவர் என் விண்ணப்பக் கோவையையும், தபால் கந்தோர்த் துண்டையும், அடையாள அட்டையையும் அருகருகே வைத்தார்.

"விலாசம் மன்னார். அட்டை புத்தளம். படிச்சது புத்தளம். மன்னாரில எத்தனை வருசம் இருந்தீர்?"

"இருக்கல்ல சேர்."

"ஒருநாளும்?"

"முந்தாநாள் அரை மணித்தியாலம் நிண்டேன்."

மிஸ் சிரிப்பை அடக்கினா. நடுவில் இருந்தவருக்கு அடக்க ஒன்றும் இருக்கவில்லை. "அங்க வெட்டுப்புள்ளி குறைவு, கொஞ்ச மார்க்ஸுக்கும் இடம் கிடைக்கும். அதைத் தெரிஞ்சுகொண்டுதானே எழுதினது?"

அந்தக் கணம்வரை இப்படி ஒரு அர்த்தம் அதற்கு இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. கிணறு, காணி, காடு, முகாம் வாசல் வரிசை எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவர் கையைக் காட்டினார். நம்பவில்லை. நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

மிஸ் கொஞ்சம் இரங்கினா. "தம்பி, அந்தப் பகுதி கிராம சேவகரிட்ட ஒரு கடிதம் எடுக்க ஏலுமா? ரெண்டு கிழமை தரலாம். மன்னார் லிஸ்டில உங்கட மார்க்ஸ் வசதியா நிக்கிது."

ஏலும். முகாமிலிருந்து திரும்பிப்போய்க் குடியேறிய அரைவாசிப் பேருக்குப் போம் நிரப்பியவன் நான். கேட்டால் யாராவது விதானையிடம் எனக்காகச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க, குறைந்த புள்ளிக்குள்ளால் நுழைந்தவன் என்று இந்த மனிதர் நினைத்தது சரியாகிவிடும். என் தாளைப் பற்றி எனக்கிருந்த சந்தேகமும் தீராது.

"மன்னார் வேணாம் மிஸ். என்னைப் புத்தளத்தோட எண்ணுங்க. மார்க்ஸ் போதாட்டி அனுப்பிடுங்க."

"புத்தளத்தில கூட மார்க்ஸ் வேணும். தெரியுமா?" என்றார் நடுவில் இருந்தவர்.

"தெரியும் சேர்."

"மன்னாரில நிண்டா நிச்சயம். இங்க நிச்சயமில்ல. பிறகு வந்து அழக்கூடாது."

"அழ மாட்டேன் சேர்."

மிஸ் மற்றப் பட்டியலை இழுத்து, அடிமட்டக் கோலை வைத்து வரி வரியாகக் கீழே இறக்கினா. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மின்விசிறி சுற்றும்போது பட்டியலின் மூலை எழும்பி எழும்பி விழுந்தது. அடிமட்டம் கடைசி வரிக்குச் சற்று மேலே நின்றது. அந்த இடைவெளிக்குள் என் புள்ளியைப் பென்சிலால் எழுதினா. எனக்குக் கீழே, நான் நுழைந்ததால் இடம் இழக்கக்கூடிய ஒரு பெயர் இருந்தது. யாருடையது என்று பார்க்க நான் குனியவில்லை. அதை வாசித்தால், பங்கு கேட்டு வந்தவன் என்று ஹாஜியார் சொன்னது உண்மையா இல்லையா என்று தெரிந்துவிடும்.

நடுவில் இருந்தவர் கோவையின் மேல் 'விலாசம் உறுதிப்படுத்தப்பட வேண்டும்' என்று சிவப்பில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார்.

இரவுக்குள் வீடு போக பஸ் இல்லை. வாப்பாவுக்குப் போன் எடுத்தேன். எடுத்துவிட்டார்கள் என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிறகு கேட்டார். "எந்த ஊர்க் கணக்கில?"

"புத்தளம்."

அவர் அதை உம்மாவிடம் திருப்பிச் சொல்வது கேட்டது.

"அப்ப நம்மட காணி?"

"அது வேற போம் வாப்பா. இது வேற கந்தோர். ஒண்டை ஒண்டு பாக்க மாட்டாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

தெரியும் என்றேன். அவர் நம்பவில்லை. கல்லூரிக்குப் போக முன் என்னைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டும் வேறு வேறுதான் என்று விதானையின் வாயால் சொல்ல வைத்தார். வெளியே வந்ததும், விதானைக்கும் இதில் ஏதோ இருக்கும் என்றார். ஆனாலும் சந்தைக்குப் போய், வெள்ளைச் சேட்டு இரண்டு எடுத்துத் தந்தார். கொலர் சரியாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்து, தையலை இழுத்து இழுத்துப் பார்த்துத்தான் எடுத்தார்.