குமராட்சி அக்காவின் பூசின முகம்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. சிதம்பரத்துல ஒரு ஆஸ்பத்திரி. குடல் நோய்க்காரங்க டாக்டருக்காகக் காத்துக்கிட்டு உக்காருற பெஞ்சு. எனக்குப் பெருங்குடல்ல புண். ரத்தமும் சளியுமா போகும். நெல்லிக்குப்பத்துல பஸ் ஏறுனா, வழியில எங்க கக்கூஸ் இருக்குங்கிற நெனப்புதான். உடம்பு கரும்புச் சக்கையா ஆயிடுச்சு.

அந்தப் பெஞ்சுலதான் குமராட்சி ஊர்லேருந்து வர்ற அக்கா பழக்கம். அதே நோய், அதே டாக்டர். என்னைவிட எலும்பா இருந்தவங்க, மழைக்காலம் முடிஞ்சு ஒரு நாள் பாத்தா, கன்னம் ரெண்டும் உப்பி, முகம் தளதளன்னு வந்து நிக்கிறாங்க!

"என்னாக்கா, அடையாளமே தெரியல! கல்யாணப் பொண்ணு கணக்கா இருக்கீங்க"ன்னேன். வாய்தான் சிரிச்சுது. உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு வந்துச்சு. அவுங்களுக்கு மட்டும் எப்படி?

எங்க பக்கம் ஒருத்தரப் பாத்ததும் உடம்பைத்தான் எடை போடுவாங்க. "பூசினாப்புல இருக்கியே"ன்னா நல்லா இருக்கோம்னு அர்த்தம். "காஞ்சிட்டியே"ன்னா போச்சு. அடுத்த மாசம் கொழுந்தனுக்குக் கல்யாணம். "போட்டோ எடுக்கறப்ப ஓரமா நின்னுக்க, பொண்ணு வீட்டுல ஏதாச்சும் கேப்பாங்க"ன்னு மாமியார் சொல்லிட்டாங்க. எனக்கு அந்தக் கன்னம் வேணும், அவ்வளவுதான்.

என்னா மாத்திரைன்னு கேட்டேன். "அதெல்லாம் உனக்கு வேணாம், போ"ன்னு சிரிச்சாங்க. தான் மட்டும் மினுக்கணும்னு பாக்குதுன்னு எனக்கு அப்படி ஒரு கோவம். கொஞ்ச நேரத்துல அவுங்க மாத்திரை போட அட்டையை எடுத்தாங்க. பேரைப் படிச்சு வச்சுக்கிட்டேன். ஊருக்கு வந்து மெடிக்கல்ல டாக்டர் எழுதுனதுன்னு பொய் சொல்லி வாங்கிட்டேன்.

உடனே முழுங்கல. வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்னிக்கு ஆரம்பிப்போம்னு சாமி மாடத்துல வச்சேன். வியாழக்கிழமை அக்கா நம்பர்லேருந்து போன். பேசுனது அவுங்க வீட்டுக்காரர். "வயிறு வீங்கிக்கிச்சும்மா. குடலு வெடிச்சிடும்னு அவசரமா ஆபரேஷன் பண்ணிட்டாங்க."

அந்தப் பதட்டத்துல வெள்ளிக்கிழமை நான் மாத்திரையைத் தொடவே இல்ல. நாலஞ்சு நாள் கழிச்சுதான் பாக்க விட்டாங்க. பெருங்குடலையே எடுத்துட்டு, மலம் போறதுக்கு வயித்துல பை மாட்டியிருந்தாங்க. பக்கத்துல இருந்த நர்ஸம்மாகிட்ட அந்த மாத்திரையைப் பத்திக் கேட்டேன். நோய் முத்துனா குடுக்கறது, மூஞ்சி ஊதுறது அதோட பக்க விளைவு, டாக்டர் சொல்லாம போட்டாலும் ஆபத்து, திடுதிப்புனு நிறுத்துனாலும் ஆபத்துன்னாங்க. அக்காவுக்கு அதுல சுகர் வேற ஏறி, எலும்பும் தேஞ்சிருந்துச்சாம். இத்தனைக்கும் குடல் புண் அடங்கவே இல்ல.

"ஏங்கா, அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"ன்னு அழுதுட்டேன்.

அக்கா என் கையைப் புடிச்சுக்கிட்டு, மெல்லமாத்தான் பேசுனாங்க. "சீக்கு வந்ததுலேருந்து எல்லாரும் என்னைப் பாத்துப் பாவம்னாங்கடி. நீ ஒருத்திதான் பொறாமைப்பட்ட. உன் கண்ணுலயே தெரிஞ்சுது. அது எனக்கு எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? ஊதுன மூஞ்சின்னு சொல்லி அதக் கெடுத்துக்க மனசு வரல."

வீட்டுக்கு வந்ததும் அந்த அட்டையைத் தூக்கிப் போட்டேன். கல்யாணத்துல ஒல்லியாவே நின்னேன், நட்ட நடுவுல. மாமியார் முறைச்சாங்க, முறைக்கட்டும்.

இப்ப அக்கா தேறிட்டாங்க, பெருங்குடலோட அந்தப் புண்ணும் போச்சு. சேத்தியாத்தோப்புல மக வீட்டுக்குப் போனா, வறுத்த மீனைத் தின்னுட்டு எனக்குப் போன் போட்டு வெறுப்பேத்துறாங்க. நான் இன்னும் மோர் சோறுதான். சத்தியமா வயிறு எரியுது. ஆனா இப்ப ஒளிக்கறதில்ல, "உங்களப் பாத்தா பொறாமையா இருக்குக்கா"ன்னு வாய் விட்டே சொல்லிடறேன். அந்தப் பக்கம் அவுங்க சிரிக்கிற சிரிப்பு இருக்கே, அதைக் கேக்கறப்பெல்லாம், பொறாமைப்படறதுக்கு அவுங்க உசுரோட இருக்காங்களேன்னு எனக்குக் கண்ணு கலங்கிடுது.