சேகர் அண்ணன் கடை கார் ரேஸ்

சேகர் அண்ணன் போய்ட்டாராம். காலைல அவர் பொண்ணு மெசேஜ் பண்ணியிருந்தா. ரெண்டு தடவை படிச்சும் மனசு ஏத்துக்கல...

மந்தவெளில வீடியோ கேம்ஸ் கடை வச்சிருந்தாரே, அவர்தான். தொண்ணூறுகள்ல அந்தப் பக்கம் வளர்ந்தவங்க பாதிப் பேர் ஸ்கூல் கட் அடிச்சுட்டு அங்கதான் இருந்திருப்பீங்க. மறைக்காதீங்க.

நான் போனது அப்பாவுக்காக.

அப்பா பஸ் டிரைவர். ஸ்ட்ரோக் வந்து வலது கை சுத்தமா விழுந்துடுச்சு. அம்மா ஊட்டினா வாயை இறுக்க மூடிப்பார். பிசியோதெரபில கொடுத்த ரப்பர் பந்தை ஜன்னல் வழியா விட்டெறிஞ்சார்... இடது கையால.

ஒருநாள் டாக்டரைப் பார்த்துட்டு வரும்போது அண்ணன் கடை வாசல்ல நின்னுட்டார். உள்ள ஸ்டியரிங் வச்ச கார் ரேஸ் மெஷின். அதையே பார்த்துட்டிருந்தார்.

"உள்ள வா நைனா, ஓட்டிப் பாரு"ன்னார் அண்ணன். அப்பாவோட வலது கையைத் துண்டால ஸ்டியரிங்ல கட்டிவிட்டார். "லெஃப்ட் கை பாக்கெட்லதான் இருக்கணும். அதான் ரூல்."

அதுக்கப்புறம் தினமும் காலைல, பசங்க வர்றதுக்கு முன்னாடி, அப்பாவுக்காகக் கடையைத் திறப்பார். கார் அழகா போகும். அப்பா கை லேசா அசையும்.

பத்து நாள் கழிச்சுத்தான் கவனிச்சேன். அண்ணன் காயினே போடல. ஆள் இல்லாதப்ப மெஷின் தானா ஓடிக் காட்டுமே, அந்த டெமோ! எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். ஓரமா கூப்பிட்டு, "ஏன் இப்படி ஏமாத்துறீங்க?"ன்னு கேட்டுட்டேன்.

"கோச்சுக்காதம்மா. காரு இடிச்சிக்கினே இருந்தா நைனா நாளைக்கு வரமாட்டாரு. கை திரும்புதா இல்லியா, அத்த மட்டும் பாரு."

பார்த்தேன். திரும்பிச்சு.

ஒரு மாசம் கழிச்சு அண்ணன் நிஜமாவே காயின் போட்டார். முதல் வளைவுலயே கார் சுவத்துல மோதிடுச்சு. அண்ணன் முகம் செத்துப்போச்சு.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா குழறிக் குழறிச் சொன்னார். "இன்னிக்கித்தாம்மா வண்டி என் பேச்ச கேட்டுச்சு. இத்தினி நாளு அதுவா போய்க்கினு இருந்துச்சு."

"உனக்குத் தெரியுமாப்பா?"

"மொத நாளே தெரியும். பஸ்ஸு ஓட்டினவனுக்குத் தெரியாதா? சேகராண்ட சொல்லிடாத. ஆசையா பண்றான்."

கொஞ்ச நாள்ல அப்பா தன் கையாலேயே ரசம் சாதம் பிசைஞ்சு சாப்பிட்டார். பாதி சட்டைலதான். அம்மா அழுதுட்டே துடைச்சாங்க.

இப்ப ஸ்ட்ரோக் வந்தவங்களுக்குக் கண்ணுல விஆர் மாட்டி கேம் ஆட வைக்கிறாங்களாமே... போன வருஷம் பார்த்தப்ப அண்ணன்கிட்ட சொன்னேன். "நம்மள்துதாம்மா மொதல்ல"ன்னு சிரிச்சார். அப்பவும் அந்த விஷயத்தைச் சொல்லல. அப்பா சொல்லாதன்னாரே.

அப்பாவும் இல்ல, நீங்களும் இல்ல. இனிமே சொன்னா என்ன.

போய்ட்டு வாங்க அண்ணா. டெமோன்னு அப்பாவுக்குத் தெரியும்... தெரிஞ்சேதான் தினமும் வந்தார்.