பலாமரத்தடியில் நிற்காத எஞ்சின்

போன செவ்வாய்க்கிழமை, கரண்ட் மீட்டர் பார்க்கிறவர் ஒருவர் எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்தார். நான் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பங்களாவுக்குக் கொஞ்சம் கீழே பைக்கை நிறுத்திவிட்டு, மேலே பார்த்து முழித்துக்கொண்டு நின்றார் மனிதர்.

மேலே என்ன?

எங்கள் ஆட்கள் மூன்று பேர் வரிசையாகப் பைக்கைத் தள்ளிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

கை காட்டி என்னை நிறுத்தினார். “மாத்தயா, திரும்பவும் பெட்ரோல் இல்லாமப் போயிருச்சா?” என்று சிங்களத்தில் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. பெட்ரோல் செட்டில் வரிசை போட்டு ரோட்டிலேயே படுத்துக்கிடந்த காலம் யாருக்குத்தான் மறக்கும்? நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் பைக்கைத் திருப்பினார். கூட்டம் சேருமுன் டேங்கை நிரப்ப வேண்டாமா? பறந்தே போய்விட்டார்.

கத்திக் கூப்பிட்டிருக்கலாம். எனக்குக் கத்த வராது. இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அது தெரியும் — நான் எழுதுவதே பேச வராததால்தான்.

பாவம், அவரைத் துரத்தியது பெட்ரோல் இல்லை. ஒரு பலாமரம்.

எங்கள் தோட்டத்து ரோடு மெயின் ரோட்டிலிருந்து ரப்பர் மலை வழியாக மேக்கணக்கு வரை ஏறுகிறது. மேக்கணக்கு என்றால் தோட்டத்தின் மேல் டிவிஷன். எங்கள் லயங்கள், அதாவது வரிசை வீடுகள், அங்கேதான். பாதி வழியில் ஒரு வளைவு. வளைவின் கீழ்முனையில் பலாமரம், மேல்முனையில் கல்பாலம். இரண்டுக்கும் நடுவே துரையின், அதாவது தோட்ட மேனேஜரின், பங்களா கேட்.

மேக்கணக்கு ஆள் யார் பைக்கில் வந்தாலும் பலாமரத்தடியில் இறங்க வேண்டும். எஞ்சினை நிறுத்த வேண்டும். கல்பாலம் வரை தள்ள வேண்டும். அதற்குப் பிறகு ஏறி ஓட்டலாம். காலையில் இறங்கும்போதும் இப்படித்தான்.

ஏன்? கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஏதோ ஒரு துரைக்குப் பகல் தூக்கம் கலையக் கூடாதாம். இன்னொரு துரையின் குதிரை மிரளுமாம். அந்தத் துரையும் போய்விட்டார், குதிரையும் போய்விட்டது... இறங்குவது மட்டும் போகவில்லை. எங்கப்பாவிடம் பைக் இல்லை. அவர் அந்த இடத்தில் குடையை மடக்குவார். கொட்டுகிற மழையில். கல்பாலம் தாண்டி மறுபடி விரிப்பார். முழுக்க நனைந்த தலைக்கு எதற்குக் குடை?

நான் இதுவரை நாலு பைக் வைத்திருந்திருக்கிறேன். நாலும் ஓடித் தேய்ந்த பைக். புது பைக்கின் சீட்டில் கடை ஷோரூமில் கூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

முதல் பைக், லயம் லயமாக ரொட்டி விற்கிற ஒரு பாண்காரருடையது. பின்னால் பெட்டி பூட்டிய ஓட்டைகள் அப்படியே இருந்தன. அதன் சத்தம் கேட்டதும் லயத்துப் பெண்கள் பையோடு வெளியே வந்து நிற்பார்கள். ‘பாண் இல்லைங்க’ என்று சொல்ல எனக்குக் கூச்சம். என்ன செய்வது? கொஞ்ச நாள் டவுனிலிருந்து பாண் வாங்கி வந்தே கொடுத்தேன்!

இரண்டாவது, மீன்காரருடையது. எங்கே நிறுத்தினாலும் பூனைகள் வந்து சுற்றிப் படுத்துக்கொள்ளும். ஞாயிறு பூசைக்குப் போனால் கோயில் வாசலில் என் பைக் மட்டும் தனியாகத் தெரியும்.

மூன்றாவது, பைக் ஓட்டப் பழக்குகிற இடத்தில் அடிபட்டு வந்தது. நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு ‘எல்’ எழுத்து. சுரண்டியும் போகவில்லை, பெயின்ட் அடித்தும் மறையவில்லை. நான் வருகிறேன் என்றாலே பஸ்காரனே ஒதுங்குவான். அந்த மரியாதை எனக்கு வேறு எந்த பைக்கிலும் கிடைக்கவில்லை.

நாலாவதுதான் இப்போதிருப்பது. பள்ளிக்கூடத்து மாஸ்டர் ஒருவருடையது. கீறல் இல்லை, ஓட்டை இல்லை, மீன் வாசனையும் இல்லை. ஒரே ஒரு குணம் — சூடாக இருக்கும்போது நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. எத்தனை உதை உதைத்தாலும் ஆகாது. ஆறும் வரை காத்திருக்க வேண்டும், அல்லது பள்ளத்தில் உருட்டிக் கியர் போட வேண்டும்.

காலையில் பிரச்சினை இல்லை. இறக்கம். உருண்டால் பிடித்துக்கொள்ளும். தெஹியோவிட்ட டவுனில் ஹார்ட்வேர் கடைக்கு நேரத்துக்குப் போய்விடுவேன். அங்கே ஆணி நிறுக்கிற வேலை எனக்கு. ஆணியோடு பேச வேண்டியதில்லை, நல்ல வேலை.

சாயங்காலம்தான் வினை. மலை ஏறி ஏறி எஞ்சின் கொதிக்கும். பலாமரத்தடியில் நிறுத்தினால் தீர்ந்தது. கல்பாலம் வரை இல்லை, லயம் வரைக்கும் தள்ள வேண்டும். மழையில், அட்டைக்கடியில், மூச்சு வாங்க வாங்க... தள்ளினேன். பல மாதம். ஒரு வார்த்தை பேசாமல் தள்ளினேன்.

பிறகு என் மனைவி ஜெசிந்தாவின் காலில் கண்ணாடி குத்தியது.

அவள் ரப்பர் பால் வெட்டுகிறவள். மலையில் யாரோ குடித்துவிட்டு உடைத்த போத்தல். கரவனெல்ல ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். காலை நிலத்தில் ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தேன். பலாமரம் வந்தது. என் கை தானாகச் சாவியைத் தேடியது.

“என்னா செய்யப் போறீங்க?” என்றாள்.

“கொஞ்சம்... எறங்கு. தள்ளிட்டுப் போயிருவோம்.”

“எறங்கி? பறந்தா வாறது?”

நான் பலாமரத்தைப் பார்த்தேன்.

“ஏங்க, ஆஸ்பத்திரிக்காரவுங்க நடக்காதேன்னாங்க. நீங்க மரத்தப் பாத்து நடக்கச் சொல்றீங்க. நான் யார் பேச்சக் கேக்குறது? ஆஸ்பத்திரியா, பலாமரமா?”

சாவியிலிருந்து கையை எடுத்தேன். கிளட்சை விட்டேன். பைக் பங்களா வாசலைக் கடந்தது. வாச்சர் சுப்பையா கேட்டுக்கு உள்ளேயிருந்து ஓடி வந்து “ஏய்! ஏய்! செபஸ்தியான்!” என்று கத்தியது கல்பாலம் வரை கேட்டது. எனக்கு முதுகெல்லாம் வியர்த்தது. ஜெசிந்தா திரும்பி அவருக்குக் கை காட்டினாள் — கலியாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி.

அன்றைக்கு வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மறுநாள் சாயங்காலமும் நான் நிறுத்தவில்லை. அதற்கடுத்த நாளும். சுப்பையா கத்திக்கொண்டே இருந்தார், எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த வாரத்துக்குள்ளேயே தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் வந்தது. அங்கே தலைமை குமாஸ்தாவான பெரிய கிளாக்கர் சொல்லி அனுப்பியிருந்தார்: நான் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் பலாமரத்தடியில் சங்கிலி போடுவார்கள். மேக்கணக்குப் பைக் ஒன்றும் மேலேயும் வராது, கீழேயும் போகாது.

இது சும்மா மிரட்டல் இல்லை. எங்களுக்கு வேறு ரோடு ஒன்று இருந்தது. மண்சரிவில் அது ஆற்றோடு போய்விட்டது. இருப்பது இந்த ஒன்றுதான். இதை மூடினால் டவுனில் வேலை பார்க்கிற எங்களில் பாதிப் பேர் நேரத்துக்குப் போக முடியாது. கடை முதலாளி நல்ல மனிதர். ஆனால் தினமும் மதியம் தாண்டி வேலைக்கு வருகிறவனை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்?

பக்கத்து வீட்டு மைக்கேல் வந்தான். அவனும் டவுனில் வேலை, அவனும் பழைய பைக்.

“அண்ணே, ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த. மன்னிச்சுக்கங்கன்னு சொன்னா வாய் வலிக்குமா?”

“பேசுனாலே வலிக்கும் எனக்கு.”

“வெளையாடாதீங்கண்ணே. ஒங்க ஒரு ஆளால எங்க எல்லாருக்கும் சங்கிலி.”

அவன் சொன்னது உண்மைதானே?

மறுநாள் காலை ஆபீசுக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. அன்று சாயங்காலம் கடை விட்டதும் நிமல் பாஸின் கராஜுக்குப் போனேன். சூட்டில் அடங்கிப்போகிற என் எஞ்சினுக்கு அவர் ரொம்ப நாளாக ஒரு கொயில் தேடிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பார்த்து அகப்பட்டிருந்தது, எங்கேயோ விழுந்து நொறுங்கிய ஒரு பைக்கிலிருந்து. பூட்டினார். எஞ்சினைக் கொதிக்கக் கொதிக்க ஓட்டினார். நிறுத்தினார். உதைத்தார்.

ஒரே உதை!

“ஹரி மல்லி... சரி தம்பி, இனிமே எங்க வேணும்னாலும் நிறுத்தலாம்” என்றார் சிரித்துக்கொண்டே.

நான் சிரிக்கவில்லை. என்னிடம் இருந்த ஒரே சாக்கையும் அவர் கழற்றி மூலையில் போட்டுவிட்டார்.

காலையில் கிளம்பும்போது ஜெசிந்தா காலை நீட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். “நானும் வரட்டா?” என்றாள். வேண்டாம் என்றேன். “அப்ப ஏதாவது பேசுங்க. சும்மா சிரிச்சிட்டு வந்துறாதீங்க” என்றாள். பாருங்கள், என்னை எவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறாள்!

ஆபீஸ் வராந்தாவில் சங்கிலி தயாராகக் கிடந்தது. பெரிய கிளாக்கர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். பிரச்சினை இல்லாமல் பென்ஷன் போக வேண்டும் என்று நினைக்கிறவர்.

“இங்க பாருப்பா. பைக் பழசு, சூட்டுல நிறுத்துனா ஸ்டார்ட் ஆகாது, மன்னிச்சுக்கங்கன்னு சொல்லு. தொரைக்கிட்ட நானும் அப்பிடித்தான் சொல்லி வச்சிருக்கேன். பைக்கச் செஞ்சதும் பழையபடி எறங்கிக்க. முடிஞ்சிருச்சு.”

எவ்வளவு சுலபம்! நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் முழு உண்மையும் கூட.

துரை இளைஞர். வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. சிங்களத்தில்தான் பேசினோம். எனக்கு அது தண்ணீர்பட்ட பாடு. கூச்சம் மட்டும் இரண்டு பாஷைக்கும் ஒன்றுதான்.

“பைக்கில் ஏதோ பழுதாமே?”

கிளாக்கர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஆமாம் என்று நானும் ஒரு தரம் ஆட்டியிருந்தால் போதும். வாயைக் கூடத் திறக்க வேண்டியதில்லை. கூச்சக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

“பழுது இல்லைங்க சார். நேத்துச் சரியாயிருச்சு.”

கிளாக்கர் இருமினார்.

“அப்படியானால் இனிமேல் நிறுத்துவீர்கள்?”

“இல்லைங்க சார்.”

“ஏன்?”

ஏன்? எங்கப்பாவின் குடையைச் சொல்லியிருக்கலாம். ஜெசிந்தாவின் காலைச் சொல்லியிருக்கலாம். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கடைசியில் வந்தது இவ்வளவுதான்:

“தபால்காரர் எறங்குறதில்லைங்க. பாண்காரர் எறங்குறதில்லைங்க. கோழி லொறி எறங்குறதில்லை. நாங்க மட்டுந்தான் எறங்குறோம்.”

துரை கிளாக்கரைப் பார்த்தார். “இவர்கள் மட்டுமா? ஏன்?”

“பழக்கம் சார்.”

“யார் போட்ட சட்டம்?”

“சட்டம் இல்ல சார்... பழக்கம்.”

துரை பேனாவை மூடித் திறந்தார், திறந்து மூடினார். எங்கள் பக்கம்தான் நியாயம் என்று சொல்வார் என எதிர்பார்த்தீர்களா? நானும்தான். அப்படி ஒன்றும் சொல்லவில்லை. “மெதுவாகப் போங்கள். கேட் முன்னால் நாய் படுத்திருக்கும்” என்றார். அவ்வளவுதான். ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் கிளாக்கர், “பெரிய ஆளாயிட்ட” என்றார். அது திட்டா, பாராட்டா? இன்றுவரை தெரியவில்லை. சங்கிலி ஆபீஸ் வராந்தாவிலேயே கிடக்கிறது. யாரும் போடவும் இல்லை, எடுத்து உள்ளே வைக்கவும் இல்லை. என் பார்வைக்குப் படும்படியாகவே கிடக்கிறது.

நான் ஓட்டுகிறேன். காலையிலும் சாயங்காலமும். பங்களா முன்னால் மெதுவாகப் போகிறேன், ஹார்ன் அடிப்பதில்லை. படுத்திருக்கிற நாய்க்காக அது. எஞ்சினை நிறுத்துவதில்லை. அது எனக்காக.

மற்றவர்கள்? இன்னும் இறங்கித்தான் தள்ளுகிறார்கள். மைக்கேலிடம் ஒரு தரம் கேட்டேன். “ஒங்களுக்குப் பழகிருச்சுண்ணே. எனக்கு அந்த மரத்தப் பாத்தாலே கை தானா நிறுத்துது” என்றான். நான் வற்புறுத்தவில்லை. அந்தக் கையை எனக்குத் தெரியும். நாலு பைக்கிலும் அது என்னோடு வந்த கை.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மீட்டர்காரர் பெட்ரோல் தேடிப் பறந்த பிறகு நான் மேலே ஏறினேன். பலாமரம் தாண்டித் தள்ளிக்கொண்டிருந்த மூன்று பேரில் கடைசி ஆள் மைக்கேல்.

“வழி விடுங்கப்பா, தொரை போறாரு!” என்று என்னைப் பார்த்துக் கத்தினான். மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அவர்களைக் கடந்தேன். சுப்பையா கேட்டில் நின்று பார்த்தார். இப்போதெல்லாம் அவர் என்னைப் பார்த்துக் கத்துவதில்லை, பெருமூச்சு விடுவதோடு சரி.

கேட்டைத் தாண்டினேன். கல்பாலம் வர இன்னும் தூரம் இருந்தது.

பின்னால் ஒரு உதை கேட்டது. பிடிக்கவில்லை. இன்னொரு உதை. மூன்றாவதில் எஞ்சின் பிடித்துக்கொண்டு உறுமியது. மைக்கேலின் பைக் — சைலன்சர் ஓட்டை, எங்கே கேட்டாலும் தெரியும் — பங்களா வாசலிலேயே ஓட ஆரம்பித்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கூச்சத்தில் நிறுத்தியிருப்பான்.