அக்கா பார்க்கப் போன ரோடு

அக்கா போய் ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு அழகாக எழுத வராது. ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது அஞ்செட்டிக்கு மேலே, காட்டுக்குள் இருக்கும் எங்கள் ஊரில். ராகி விளையும், மாடு வளரும், பஸ் வராது. ஓசூரில் விடுதியில் தங்கிப் படித்து, பெங்களூர் விமான நிலையத்தில் ஒரு விமானக் கம்பெனியில் சேர்ந்தார். விமானம் ஏறுகிறவர்களின் சீட்டைப் பார்த்து உள்ளே அனுப்பி, நேரமானதும் கேட்டை மூடுவது அவர் வேலை. "பெட்டி தூக்கற வேலைக்கு இத்தன பவுடரா?" என்று சொந்தத்தில் சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் கைக்கும் இந்த மலர் வரும். படிக்கட்டும்.

ஊழியர்கள் தங்கள் சொந்த ஊருக்குச் சுற்றுலாப் பயணிகளை வரவழைக்கலாம் என்று அந்தக் கம்பெனி ஒரு திட்டம் கொண்டுவந்தது. மற்றவர்கள் கோயிலையும் கடற்கரையையும் சொன்னார்கள். அக்கா எங்கள் ஊரைச் சொன்னார். ஆட்கள் வந்து போனால் ஊர்வரைக்கும் பஸ் விடுவார்கள் என்று நம்பினார். கம்பெனி எடுத்த வீடியோவில் மலையைக் காட்டிப் பேசினார். ஆட்களும் வந்தார்கள். எங்கள் சின்னம்மா வீட்டில் தங்கி, களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டார்கள். லீவு நாளில் அக்காவே வந்து கூட இருப்பார்.

பொழுது சாய்ந்தால் எங்கள் ஊரில் யாரும் சட்டென்று காட்டு ரோட்டில் இறங்க மாட்டார்கள். ஊர்க்கோடி டீக்கடையில் நிற்பார்கள். கீழே இருந்து ஒரு வண்டி ஏறி வந்து, ரோட்டில் யானை இல்லை என்று சொன்ன பிறகே கிளம்புவார்கள். வந்த விருந்தாளிகள் எல்லாரையும் அக்கா அப்படித்தான் நிறுத்தி அனுப்பினார்.

அன்றைக்கு வந்த குடும்பம் நிற்க மறுத்தது. விமானத்துக்கு நேரமாகிறது, அந்த வேலையில் இருக்கும் உனக்கே இது தெரியாதா என்று கடை முன்னால் வைத்துச் சத்தம் போட்டார்கள். கீழே இருந்து வண்டி எதுவும் வரவில்லை.

கடைக்கார மாமா சொல்லியிருக்கிறார்: "இரும்மா. பால் வண்டி வந்துரும். போவாத."

"கேட்ட மூடுனப்புறம் வந்து அழுவறவங்கள தெனமும் பாக்கறேன் மாமா. வளைவு வரைக்கும் போயி பாத்துட்டு வந்துட்றேன்."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அக்கா இறங்கினார். சற்று நேரத்தில் யானை பிளிறியது கடைவரைக்கும் கேட்டது. அக்கா திரும்பவில்லை. அந்தக் குடும்பம் வந்த வாடகை வேனில் மாமாவும் டிரைவரும் போய் அக்காவைத் தூக்கினார்கள். அஞ்செட்டி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது.

வேன் திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்று அந்தக் குடும்பம் போனில் டிரைவரைக் கேட்டது. வராது என்று தெரிந்ததும் வேறு காரை வரவழைத்துப் போனார்கள். விமானத்தைப் பிடித்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கம்பெனி மாலை அனுப்பியது. அப்புறம் வீடியோவில் இருந்து எங்கள் ஊரை எடுத்துவிட்டது. ஆபத்தான இடமாம். நாங்கள் அங்கேதான் பிறந்து வளர்ந்தோம், மாடு மேய்த்தோம். காத்திருக்கத் தெரியாதவர்களை அனுப்பியது யார்? பஸ் இன்னும் அஞ்செட்டியோடு திரும்பிப் போகிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கடைக்கார மாமாவுக்கு நன்றி. அந்த வேன் டிரைவர் கன்னடக்காரர், எங்களுக்கு யாரோ. ஆஸ்பத்திரியில் உடலைக் கொடுக்கும்வரை அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு நன்றி. சொந்தக்காரர்கள் வேண்டாமென்று தடுத்தும் விருந்தாளிகளுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும் சின்னம்மாவுக்கு நன்றி. வீடியோ போனாலும், முன்பு வந்தவர்கள் சொல்லி ஆட்கள் வருகிறார்கள். "கீழருந்து வண்டி வர்ற வரைக்கும் நிக்கணும். பிளைட்டு போனா போவட்டும். ஒத்துக்கறதுன்னா உள்ள வாங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார்.

போன மாதம் ஒருவர் டீக்கடையில் நின்று நின்று விமானத்தைத் தவறவிட்டார். எங்களைத் திட்டிக்கொண்டே போனார். உயிரோடு போனார். அவருக்கும் நன்றி.