சொல்லாமல் விட்ட பிள்ளை

2005இல், ஜேர்மனியில், வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளையோடு தேவமலர் ஸ்கானுக்குப் போனாள். பிள்ளையின் முதுகெலும்பு மூடவில்லை, நரம்பு வெளியே தெரிகிறது என்றார் டொக்டர். சொன்ன கையோடு, கலைப்பதற்கு எந்த நாள் வசதி என்று கேட்டார்.

"வேறு வழி இல்லையா?"

"இல்லை," என்றார், கணினியைப் பார்த்தபடியே.

வழி இருந்தது. தாயின் வயிற்றைக் கிழிக்காமல், சிறு துளைகளால் குழாய் விட்டு, கருப்பைக்குள்ளேயே பிள்ளையின் முதுகை மூடும் சத்திரசிகிச்சையை வேறொரு நகரத்தில் தொடங்கியிருந்தார்கள். அவளுடைய மருத்துவிச்சிதான் அதைச் சொன்னாள். தேவமலர் உடனே டொக்டருக்கு போன் எடுத்தாள். அவருக்கும் அது தெரிந்தே இருந்தது. "அது இன்னும் பரிசோதனைதான். உங்களைக் குழப்ப விரும்பவில்லை," என்றார்.

"என்ர பிள்ளைக்கு நான் குழம்பாமல் வேற ஆர் குழம்புறது?" என்று கணவன் ஸ்ரனிஸ்லாஸிடம் பொரிந்து தள்ளினாள். அவள் வேலை செய்த முதியோர் இல்லத்துச் சமையலறையில் அன்று அவள் கை பட்ட சட்டியெல்லாம் சத்தம் போட்டது.

அந்த நகரத்து ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை நிபுணர் ஒளிக்கவில்லை. "சிலருக்குச் சரிவந்தது. சில பிள்ளைகள் இறந்தன," என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் அவள் கையெழுத்து வைத்தாள்.

பக்கத்துக் கட்டிலில் சாண்ட்ரா என்ற ஜேர்மன் பெண். அவளுக்கும் அதே சத்திரசிகிச்சை. ஒரு காலை அவளுக்குப் பன்னீர்க்குடம் உடைந்தது. பிறந்த ஆண்பிள்ளை நெடுநேரம் உயிரோடு இருக்கவில்லை. தேவமலரின் மகள் லவினியா குறைமாதத்தில் பிறந்து பிழைத்தாள். சிறுநீருக்குக் குழாய் தேவைப்பட்டாலும், காலுக்குப் பட்டை கட்டி நடந்தாள்.

மூன்று வருடங்களுக்குப் பிறகு, இந்தச் சிகிச்சையை நிரந்தரமாக நடத்துவதா என்று முடிவெடுக்க மருத்துவர்கள் கூடினார்கள். நிபுணர் தேவமலரையும் அழைத்தார். லவினியா நடக்கும் படத்தைத் திரையில் காட்ட, எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்த படத்தில் கருவிகள். அதற்கடுத்ததிலும் கருவிகள்தான்.

தேவமலர் எழுந்து, உடைந்த ஜேர்மனில் கேட்டாள். "சாண்ட்ராவின் பிள்ளை எங்கே?"

"இறப்புகள் அறிக்கையில் இருக்கின்றன," என்றார் நிபுணர்.

"என் பிள்ளை படத்தில். அவள் பிள்ளை அறிக்கையிலா? முதல் டொக்டர் என்னிடம் வழியை மறைத்தார். நீங்கள் இவர்களிடம் சாவை மறைக்கிறீர்கள். எது எங்களுக்குத் தெரியவேண்டும் என்று உங்களை ஆர் முடிவெடுக்கச் சொன்னது?"



வீடு திரும்பும் ரயிலில், கூட்டத்துக்குக் கூட வந்திருந்த ஸ்ரனிஸ்லாஸ் முகம் கொடுக்காமல் இருந்தார். "எங்கட பிள்ளையைக் காப்பாத்தின மனுசன். நீர் சபையில அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது."

"காப்பாத்தினவர்தான். அதுக்காக நான் வாயை மூடவேணுமோ?"

சிகிச்சைத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. இறந்த பிள்ளைகளைப் பற்றியும் ஒவ்வொரு தாயிடமும் நேரில் சொல்லவேண்டும் என்ற நிபந்தனையோடு. நிபுணர் அவளை அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கவில்லை. லவினியாவை மட்டும் முன்போலவே கவனமாகப் பார்த்தார். அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை, இவளும் மன்னிப்புக் கேட்கவில்லை.