கரண்ட் போன மாநாடு

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில் உள்ள கொமியூனிகேஷன் கடையில் நேற்று பள்ளிக்கூட அடையாள அட்டையை லேமினேட் பண்ணக் கொடுத்துவிட்டு நின்றேன். சூடான பிளாஸ்டிக் மணம் மூக்கில் ஏறியதும் பிலோமினாவின் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் முதல் மாநாட்டுக்கு எழுபது பெயர் அட்டைகளை அவளும் நானும் இப்படித்தான் சுடச்சுட வெட்டி எடுத்தோம். அதில் என் பெயரையே நான் பிழையாக அடித்திருந்தேன், அது வேறு கதை.

பிலோமினா கொட்டாஞ்சேனைக்காரி. துறைமுகத்தில் வேலை செய்த தகப்பனின் குரல் அவளுக்கும். மூன்றாம் மாடியில் கதைத்தால் கேற்றடியில் கேட்கும். ஒரே பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பித்தோம். தமிழில் கணினி படிப்பிக்கிறவர்களை ஒரு நாளாவது ஒன்றுசேர்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. எனக்கோ ஆட்களோடு கதைக்கப் பயம். அதனால் நான் அட்டவணை போட்டேன், அவள் போன் எடுத்தாள். ஒவ்வொருவரிடமும் பிள்ளை எத்தனையாம் வகுப்பு, அம்மாவுக்குக் கால்வலி சுகமா என்று கேட்ட பிறகுதான் மாநாட்டுக் கதைக்கே வருவாள்.

மாநாட்டன்று காலை கொட்டாஞ்சேனையில் நாங்கள் எடுத்த மண்டபம் நிரம்பிவிட்டது. வரவேற்புரை முடிய, கரண்ட் போனது. மின்வெட்டுக் காலம், ஆனால் சொன்ன நேரத்துக்கு முந்தியே போய்விட்டது. கணினி ஆசிரியர் மாநாட்டில் ஒரு கணினியும் இயங்கவில்லை. எனக்கு அழுகை முட்டியது.

மலையகத்து அட்டனிலிருந்து முதல் நாளே வந்திருந்த ஒரு ஆசிரியர் எழும்பினார். "கரண்டு எதுக்கு டீச்சர்? நாமதான் இருக்கோமே!"

எங்களில் பத்துப் பேரை மேடையில் தாறுமாறாக நிற்கவைத்தார். பக்கத்தில் நிற்பவரோடு சேவைக்காலத்தை ஒப்பிட்டு, சேவை கூடியவர் வலப்பக்கம் மாறவேண்டும். தரவுகளைக் கணினி வரிசைப்படுத்தும் விதத்தை மனிதரை வைத்தே காட்டினார். தள்ளுமுள்ளும் சிரிப்புமாக மண்டபம் அதிர்ந்தது. பிலோமினாவும் நானும் ஒரே நாளில் நியமனம் பெற்றவர்கள். பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுவிட்டோம்.

அந்தச் சிரிப்புக்குள் அவள் குனிந்து, நான் ஒருநாளும் கேட்டிராத மெல்லிய குரலில் சொன்னாள்: "எனக்கு விசா வந்திட்டுது. அடுத்த மாசம் போறன்."

"எப்ப இருந்து தெரியும்?"

"ரெண்டு கிழமையாத் தெரியும். மாநாடு முடியட்டும் எண்டு இருந்தனான். நீர் குழம்பிப்போவீர்."

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன். மேடையில் வேறென்ன செய்வது?

போய் முதல் வருடம் ஞாயிறு தோறும் போனில் கதைத்தாள். பிறகு பிறந்தநாளுக்கு மட்டும். அட்டன் ஆசிரியரும் கட்டாருக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

இந்த வருட மாநாட்டைத் திரையிலேயே நடத்தினேன். லிங்க் அனுப்பி இரண்டு நாளில் பதிவு முடிந்தது. ஒருவரோடும் கதைக்க வேண்டி வரவில்லை; நான் முன்பு விரும்பியதும் அதைத்தானே. முடிவில் எல்லாரும் நன்றி என்று தட்டெழுதிவிட்டு ஒவ்வொருவராக மறைந்தார்கள். திரையில் என் முகம் மட்டும் மிஞ்சியது. மண்டபம் என்றால், கதிரை அடுக்கவாவது யாராவது நின்றிருப்பார்கள்.